கடல் காணாத ஊர்களின் புயல்கள்

சென்னையின் புயல்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்து நின்றுகொண்டே எழுதியிருக்கிறார்கள். அதில் வியப்பில்லை. ஆவணங்கள் கப்பல்களைப் பற்றியவை. 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய லபூர்தொனே, அடுத்த மாதம் 13ஆம் தேதி இரவு அடித்த புயலில் தன் கப்பல்களில் பலவற்றையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் பறிகொடுத்தார். 1872 மே மாதத் தொடக்கத்தில் வந்த புயல், கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பல்களைச் சிதறடித்தது. 1881 நவம்பர் 12ஆம் தேதிப் புயல், பல ஆண்டுகளாகக் கல் கல்லாக அடுக்கிக் கட்டிவந்த துறைமுகச் சுவர்களை உடைத்துப் போட்டது. 1966 நவம்பர் 3ஆம் தேதிப் புயலில் தரைதட்டிய ஸ்டமாட்டிஸ் என்னும் கப்பலின் எலும்புக்கூடு மெரீனாக் கரையருகே நெடுங்காலம் கிடந்து, கால் நனைக்கப் போன பலரைக் காவு வாங்கியது.

இந்தப் புயல்கள் கரையோடு நின்றுவிடவில்லை. துறைமுகத்தைக் கடந்த சில மணி நேரத்தில் அவை அம்பத்தூரையும் ஆவடியையும் பூவிருந்தவல்லியையும் கடந்துதான் மேற்கே போயிருக்க வேண்டும். அங்கே கப்பல் இல்லை. கலங்கரை விளக்கம் இல்லை. காற்றழுத்தத்தைக் குறித்துவைக்கும் துரைகள் இல்லை. ஆகவே அங்கே என்ன நடந்தது என்பதைப் புயலின் வரலாறு பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிட்டது.

நான் அந்தப் பக்கத்து ஆள். என் ஆயா பூவிருந்தவல்லிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, அம்பத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்த அவள் கடலைப் பார்த்தது மூன்றோ நான்கோ முறைதான். ஆனால் புயல்களை அவள் நன்றாக அறிவாள். அவளிடம் புயல் என்ற சொல்லே அதிகம் புழங்கியதில்லை. 'அந்த வருசம் ஏரி ஒடைஞ்சிச்சி', 'அந்த வருசம் ஏரி கோடி போச்சி' என்பாள். கடற்கரைக்காரர்களுக்குப் புயல் கப்பலாக நினைவில் நின்றது; எங்களுக்கு ஏரியாக.

*

ஆயாவுக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. 'சுபானு வருசத்து வெள்ளத்தப்ப எனக்குக் கலியாணம் ஆயி ஒரு வருசம்' என்பதுதான் அவள் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ். சுபானு என்பது 1943. அந்த ஆண்டு அக்டோபரில், உலக யுத்தத்தின் நடுவே, சென்னையில் நாள்கணக்கில் மழை கொட்டி, கூவமும் அடையாறும் கரைபுரண்டன. கலியாணத்தின்போது பதினான்கு வயது என்று கொண்டால் அவள் 1928ஆம் ஆண்டளவில் பிறந்திருக்க வேண்டும். பின்னாளில் ஏதோ ஒரு அட்டைக்காக விண்ணப்பம் நிரப்பும்போது அப்பா இப்படித்தான் கணக்குப் போட்டு ஒரு தேதியை எழுதினார். அதுவும் ஜூன் மாதத் தேதி. பள்ளிக்கூட வாத்தியார்கள் ஊரையே ஜூனில் பிறக்கவைத்த வழக்கம் அவரையும் விடவில்லை.

இதேபோல ஒரு கதையை அயர்லாந்து வரலாற்றில் படித்தபோது எனக்கு ஆயாதான் நினைவுக்கு வந்தாள். 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அயர்லாந்தில் ஒரு பெரும்புயல் வீசியது. 'பெருங்காற்று இரவு' என்றே அதற்குப் பெயர். கூரைகள் பறந்தன, ஊர்கள் தீப்பற்றின. எழுபது ஆண்டுகள் கழித்து, 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுபது வயது நிரம்பியவர்களுக்கு முதியோர் உதவித்தொகை தரத் தொடங்கியபோது, கிராமத்துக் கிழவர்களிடம் வயதுக்குச் சான்று இல்லை. அங்கே எல்லாப் பிறப்புகளையும் பதியும் முறை வந்ததே 1864இல்தான். ஆகவே அதிகாரிகள், பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொன்னவர்களுக்குத் தொகை கிடைத்தது. அப்போது அந்நாட்டில் நினைவாற்றல் திடீரென்று பெருகிவிட்டதாகக் கேலியும் எழுந்ததாம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வயது தெரியாதவர்களிடம் கேட்பதற்கென்று பஞ்சம், வெள்ளம், யுத்தம் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் குறித்த பட்டியல்கள் இருந்திருக்கின்றன. தாது வருடப் பஞ்சத்தை (1876) அறுபதாண்டுச் சுற்றின் பெயரால் இன்றும் சொல்கிறோமே, அதுவும் இந்த வகைதான்.

ஆயினும் புயலைக் கொண்டு வயதைக் கணக்கிடுவது நினைவின் மிகச் சிறிய பயன். எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பயன் இருந்தது. அதைச் சொல்ல ஏரியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும்.

*

வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு. இந்த மூன்றுக்கும் இடையிலான மண், கடலை நோக்கி மிக மெல்லச் சரியும் தட்டை நிலம். மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. இத்தகைய நிலத்தில் மழைநீரைப் பிடிப்பதற்கு ஒரே வழி, சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் நீண்ட மண்கரை எழுப்புவதுதான். அதுதான் ஏரி. ஒன்று நிரம்பினால் மிகுதி அடுத்ததற்குப் போகும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு. கொரட்டூர் நிரம்பினால் மாதவரத்து ரெட்டேரிக்கு. (ரெட்டேரி என்பதை ரெட்டியோடு சேர்த்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு, அது இரட்டை ஏரி.) ஏரி என்று சொல்லும் அளவுக்கு இல்லாத சிறு நீர்நிலை தாங்கல். பூவிருந்தவல்லிச் சாலையில் ஐயப்பன்தாங்கல் நிறுத்தத்தில் இறங்குகிறவர்களில் எத்தனைபேர் அந்தப் பெயரின் பின்பாதியைக் காதில் வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

ஏரிக்கு இரண்டு வாய்கள். பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வாய் மதகு. நிரம்பியபின் மிகுதியை வழியவிடும் வாய் கலங்கல். ஆங்கிலேயப் பொறியாளர்கள் இந்தக் கலங்கலை அப்படியே 'காலிங்குலா' என்று தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டு தம் அறிக்கைகளில் எழுதினார்கள். கலங்கலின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஓரிரு அடி தண்ணீர் நிற்கும், கோடைக்கு ஆகும். ஆனால் அடைத்தபின் ஒரு புயல் வந்துவிட்டால்? தண்ணீர் கலங்கலால் போகாமல் கரையை மேவும். மண்கரையின் மேல் ஒரு விரற்கடைத் தண்ணீர் வழிந்தாலும் போதும். விடிவதற்குள் கரை இராது.

எனவே எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பதுதான் ஏரியின் அரசியல் முழுவதும். மேல்வயல்காரன் தன் பயிர் மூழ்கும் என்று பிடுங்கச் சொல்வான். கடைமடைக்காரன் கோடையில் தண்ணீர் வேண்டும் என்று அடைக்கச் சொல்வான். அடுத்த ஏரிக்காரனோ, இவர்கள் பிடுங்கினால் தன் ஏரி உடையும் என்று கவலைப்படுவான். கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை, கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை என்ற பழமொழியை நம்பிக் கார்த்திகைக் கடைசியில் அடைத்தவர்கள் உண்டு. அந்தப் பழமொழி எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிந்தவன் ஊரில் ஒருவன் இருந்தான். செங்கல்பட்டுச் சீமையில் அவனுக்குக் கம்புகட்டி என்று பெயர்.

கம்புகட்டியின் வேலை வயலுக்கு வயல் தண்ணீரைப் பிரித்துக்கொடுப்பது. பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட சேரியைச் சேர்ந்தவன். புயல் இரவில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரைமீது நடப்பவன் அவன்தான். கரையில் எந்த இடத்தில் நண்டு வளை, எந்த இடத்தில் போன புயலில் கசிவு, தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டால் ஊரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவன் நினைவில் இருக்கும். அவன் அப்பனிடமிருந்து அது அவனுக்கு வந்தது. களத்தில் நெல் அளக்கும்போது அவனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். 1767இலிருந்து 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகிரின் கிராமங்களை அளந்தபோது தொகுக்கப்பட்ட ஊர்க்கணக்குகளில், விளைச்சலிலிருந்து ஏரிக்கும் ஊர்ப்பணியாளர்களுக்கும் ஒதுக்கிய இத்தகைய பங்குகள் பதிவாகியிருக்கின்றன. அதற்கும் எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் இருந்ததைப் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது.

அதாவது, போன புயலை நினைவில் வைத்திருப்பது இங்கே ஒருவருடைய வேலை. அதற்கு நெல் கூலி. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நினைவு என்றால் பாட்டி கதை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஏரிக்கரையில் அது ஒரு உத்தியோகமாக இருந்தது. அந்த உத்தியோகத்தில் கௌரவம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவன் காத்த கரையின் மேல் நின்ற கோயிலுக்குள் அவனுக்கு இடமில்லை.

*

மனிதனால் முடியாதபோது தெய்வம் கரையில் நின்றது. மதுராந்தகத்து ஏரி காத்த ராமரைப் பலரும் அறிவர். 1790களில் செங்கல்பட்டு ஜாகிரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி உடையும் நிலையில் ஓர் இரவு கரைக்குப் போனபோது வில்லும் கையுமாக இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைக் கண்டார் என்பது கதை. கரை உடையவில்லை, துரை தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தார், அங்குள்ள கல்வெட்டு அவர் பெயரைச் சொல்கிறது. அதே பிளேஸ் 1799இல் கும்பினிக்குக் கொடுத்த நீண்ட அறிக்கையில் ஏரிகளும் பாசனமும் பேசப்படுகின்றன. கதையில் வரும் துரை பக்தர். அறிக்கையில் வரும் துரை வரி வாங்குபவர். ஏரி உடைந்தால் வரி இல்லை. இருவருக்கும் பகை ஒன்றுமில்லை.

மதுராந்தகம் தொலைவு. ஆவடிக்கு மேற்கே, ரயிலில் சில நிறுத்தங்கள் தாண்டினால் திருநின்றவூர். அங்கும் ஏரிக்கரையில் ஓர் ஏரி காத்த ராமர் உண்டு. பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டிய ஊர் என்றுதான் திருநின்றவூர் புகழ்பெற்றிருக்கிறது. நினைவாலேயே கோயில் எழுப்பியவர் ஊரில், நினைவு தப்பியதால் வீடுகள் மூழ்குகின்றன. அந்த ஏரியின் ஓரத்தில் எழுந்த குடியிருப்புகளில் அண்மை ஆண்டுகளின் மழைக்காலங்களில் தண்ணீர் புகுந்து வாரக்கணக்கில் நின்றதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ராமர் ஏரியைக் காத்தார்; ஏரிக்குள் வீடு கட்டியவர்களையும் காக்கவேண்டும் என்று அவரிடம் யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

இன்னும் மேற்கே, கூவம் என்றே பெயர்கொண்ட ஊரில், திருவிற்கோலநாதர் கோயிலில் வேறொரு நம்பிக்கை வழங்குகிறது. மழை மிகுதியாக வரப்போகிறது என்றால் லிங்கம் வெண்ணிறமாகும். போர் வரப்போகிறது என்றால் செந்நிறமாகும். ஆற்றின் தலைமாட்டில் இருந்துகொண்டு கீழூர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் சாமி! மார்கழியில் மேகம் பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிக்கும் கர்ப்போட்டமும், பஞ்சாங்கத்து மழைக்கணக்கும் இதே வரிசை. இவற்றின் கணிப்பு பலித்ததா என்பதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் கூடி 'போனமுறை எப்படி இருந்தது' என்று பேச அவை காரணமாக இருந்தன என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஏரி கோடி போகும் நாள் ஊருக்குத் திருநாள். கலங்கலில் வழியும் தண்ணீருக்கு மஞ்சளும் குங்குமமும் பூவும் போட்டு, ஆடு வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். ஆயா அதைச் சொல்லும்போது அவள் முகம் மாறிவிடும். கோடி போனால் ஒரு போகம் உறுதி. அச்சமும் மகிழ்ச்சியும் ஒரே தண்ணீரில் வந்தன.

*

இனி நடந்ததை நீங்களே அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் ஆவடியில் ராணுவக் கிடங்கு வந்தது. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். ஏரிப்பாசன வயல்கள்தான் மனைகள். பிறகு ஏரிகளே மனைகளாயின. மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கியது 1920களிலேயே நடந்துவிட்ட செயல். எங்கள் பக்கம் அது சற்றுத் தாமதமாக வந்தது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட திட்டத்துக்குப் பெயரே 'ஏரித் திட்டம்'. ஒளிவுமறைவு ஏதுமில்லை.

வயல் போனதும் கம்புகட்டியின் நெல் போனது. அவன் மகன் தொழிற்பேட்டைக்குப் போனான். எந்தக் கல்லைத் தண்ணீர் தொட்டால் ஆபத்து என்ற கணக்கு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை, கேட்பாரும் இல்லை. கலங்கல் இருந்தது, கலங்கலிலிருந்து போகும் கால்வாயில் தெரு இருந்தது. கோடி போகும் நாளில் பொங்கல் வைக்க ஆள் இல்லை. அன்று மணல்மூட்டைதான் தேடினார்கள். ஏரி நிறைந்தது என்ற செய்தியைக் கேட்டு ஒருவரும் மகிழாத ஊராக எங்கள் ஊர் மாற ஒரு தலைமுறைதான் பிடித்தது.

புதிதாக வந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் அப்பாவும் 1982இல் ஏரியின் கீழ்ப்புறத்தில் மனை வாங்கியவர்தான். கிழக்கே தாழ்ந்த இடம் என்று ஆயா சொன்னதாகவும், விலை குறைவு என்று அப்பா சொன்னதாகவும் வீட்டில் பேச்சுண்டு. ஒவ்வொருவருக்கும் அவர் குடிவந்த ஆண்டிலிருந்துதான் ஊரின் புயல் வரலாறு தொடங்குகிறது. எழுபதுகளில் வந்தவர்களுக்கு 1976 நவம்பர். அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்து வந்தவர்களுக்கு 1985 நவம்பர். பிறகு 1994 அக்டோபர் 31ஆம் தேதிப் புயல். 1996இல் இரண்டு அடி: ஜூன் மாதத்தில், கோடை முடியுமுன், ஒரு பெருமழை, டிசம்பரில் கடலில் நாள்கணக்கில் அலைந்து திரிந்து வந்த ஒரு புயல். 2005 அக்டோபர் 27இல் 27 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் 'இதுபோல் இதுவரை நடந்ததில்லை' என்று தெருவில் யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய இதுவரை அவ்வளவுதான்.

*

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 47.5 சென்டிமீட்டர். பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள இந்த ஏரி, சுற்றுவட்டாரத்திலேயே பெரியது. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. ஒருகாலத்தில் பாசன ஏரி. இப்போது சென்னையின் குடிநீர்த் தொட்டி. அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கீழே என்ன நடந்தது என்பதை உலகம் பார்த்தது. மனிதர் விளைவித்த பேரிடர் என்று பின்னர், 2018இல், இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை கூறியது. முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும் என்றும், கோடைக்குத் தண்ணீர் வேண்டாமா என்றும் நடந்த வாதங்களைக் கேட்டபோது எனக்குக் கலங்கல் கற்களுக்கு இடையிலான களிமண் நினைவுக்கு வந்தது. அடைப்பதா, பிடுங்குவதா என்ற அதே பழைய வழக்கு. முன்பு அதைத் தீர்க்கக் கரைமேல் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். இப்போது கரைக்கு மேல் கோப்பு நடந்துகொண்டிருந்தது.

மறு ஆண்டு, 2016 டிசம்பர் 12, கார்த்திகை தீபத்தன்று, வர்தா வந்தது. அது மழைப்புயலைவிடக் காற்றுப்புயல். எங்கள் தலைமுறை அத்தகைய காற்றை முதன்முறையாகக் கண்டது. காலையிலிருந்து வடக்கிலிருந்து அடித்த காற்று பிற்பகலில் சட்டென்று ஓய்ந்தது. தெருவில் ஆட்கள் வெளியே வந்து விழுந்த மரங்களைக் கைப்பேசியில் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். நானும் செருப்பைத் தேடினேன். அப்பா வாசற்கதவை மறித்து நின்றார். 'வாடை நின்னா தென்றல் திரும்பும், வாசல்ல நிக்காத' என்று ஆயா சொல்லுவாள் என்றார். ஆயா இறந்து அப்போது ஏழு ஆண்டுகள். அரை மணிக்குள் காற்று தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. எதிர்வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் வடக்குநோக்கிச் சாய்ந்து, சற்றுமுன் ஆட்கள் நின்ற இடத்தில் விழுந்தது. புயலின் கண் கடக்கும்போது முன்பாதியில் ஒரு திசையும் பின்பாதியில் எதிர்த்திசையும் காற்று வீசும் என்பது பாடப்புத்தகச் செய்தி. நான் அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆயினும் அந்த நேரத்தில் என்னை வீட்டுக்குள் நிறுத்தியது பாடப்புத்தகம் இல்லை.

அன்றிரவு மின்சாரம் கிடையாது. காற்று தணிந்தபின் தெருவில் சிலர் அகல்விளக்கு ஏற்றினார்கள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு கார்த்திகை தீபத்தை இருட்டில் பார்த்தேன். அதன்பின் பல நாட்கள் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான். விழுந்தவற்றில் மிகுதியும் நிழலுக்காக வைத்த வெளிநாட்டு மரங்கள். ஏரிக்கரைப் பனைகளில் ஒன்றுகூட அசையவில்லை என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்றிரண்டு விழுந்திருக்கலாம். பனைமீது அவருக்குப் பாசம்.

வர்தா என்றால் ரோஜாவாம். பாகிஸ்தான் கொடுத்த பெயர். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர்வைக்கும் வழக்கம் 2004இல் தொடங்கியது. நாடுகள் முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடுகின்றன. வானிலையாளர்களுக்கு அது வசதி; மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுக்க அது தேவை. ஆனால் நினைவுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சுபானு வெள்ளம் என்றால் ஆண்டு தெரிந்தது. எண்பத்தைந்து வெள்ளம் என்றாலும் தெரிந்தது. நிஷாவும் ஜல்லும் நீலமும் எந்த ஆண்டு என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரில் வந்த புயலை மிச்சாங் என்பதா, மிக்ஜாம் என்பதா என்று தொலைக்காட்சிகள் கடைசிவரை முடிவுசெய்யவில்லை. அதற்குள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் தண்ணீருக்குள் இருந்தன. அந்தப் புயல் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. கடலிலேயே நின்று மழையை இறைத்துவிட்டு, ஆந்திரத்துப் பாபட்லாவுக்கு அருகே கரையேறியது. பெயரும் அந்நியம், பாதையும் அந்நியம்; தண்ணீர் மட்டும் தெரிந்த வழியில் வந்தது. அம்பத்தூரிலிருந்து கொரட்டூர், கொரட்டூரிலிருந்து ரெட்டேரி.

*

எங்கள் வீட்டு மர அலமாரியின் உட்பக்கக் கதவில் அப்பா பென்சிலால் கோடுகள் போட்டிருக்கிறார். 85, 96, 2005, 2015, 2023. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்தபின், சுவரில் படிந்த சேற்றுக்கோட்டின் உயரத்தை நூல்பிடித்து அலமாரிக்கு மாற்றிவிடுவார். சுவரில் விட்டுவைத்தால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது போய்விடும். 85 கணுக்கால் உயரம். 2015 முழங்காலுக்கு மேல். 2023 அதற்கும் ஒரு சாண் மேலே. இதை வைத்துக்கொண்டு மழை ஆண்டுக்காண்டு கூடுகிறது என்று யாரும் கட்டுரை எழுதிவிடக்கூடாது. வீட்டின் தரை 1982இல் போட்ட அதே தரை. தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டதால் சாலை இரண்டரை அடி உயர்ந்துவிட்டது. முன்பு மூன்று படி ஏறி வீட்டுக்குள் வந்தோம். இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். கோடுகளுக்குப் பக்கத்தில் அப்பா சிறிய எழுத்தில் இதையும் குறித்துவைத்திருக்கிறார்: அந்தந்த ஆண்டில் எத்தனை படி வெளியே தெரிந்தது என்று.

போன ஆண்டு கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டோம். வடக்கே ஒரு மாநிலத்திலிருந்து தொழிற்பேட்டை வேலைக்கு வந்த இளம் தம்பதி, கைக்குழந்தை. அலமாரியைத் திறந்து பார்த்த அந்தப் பெண், இது பிள்ளைகள் வளர்ந்த அளவா என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். அப்பா அவளுக்குக் கோடு கோடாகக் கையால் காட்டிச் சொல்லத் தொடங்கினார். 85இல் ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டு, அதற்கு முன்னால் சுபானு என்று ஒன்று உண்டு, அது இந்த அலமாரியில் இல்லை என்றார்.